பாரசீகப் பேரரசும் இறைமக்களும்

முன்னுரை

எஸ்றா, நெகேமியா, எஸ்தர், ஆகாய், சகரியா, மல்கியா ஆகிய நூல்கள் நம் கண்முன் நிறுத்தும் உலகம் பாரசீகப் பேரரசின் உலகமாகும். திருமறை பெர்சியா என்று அழைக்கும் அப்பேரரசு, ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் யூதா நாட்டை ஆண்டது. ஆயினும் நம் அருளுரைகளில் அதன் வரலாறு மூன்று வாக்கியங்களில் முடிந்துவிடுகிறது. கோரேஸ் சிறைப்பட்டோரை விடுவித்தான். தரியு ஆலயப் பணிக்குப் பொருளுதவி செய்தான். அர்தசஷ்டா எஸ்றாவையும் நெகேமியாவையும் அனுப்பி வைத்தான். இம்மூன்றும் உண்மையே. ஆனால் இம்மன்னர்களின் கருவூலம் எவ்வாறு நிரம்பியது, அவர்கள் ஆண்ட மக்கள் எவ்வாறு வாழ்ந்தனர் என்னும் வினாக்களை நாம் எழுப்புவது அரிது.

இவ்வினாக்கள் நமக்கு அயலானவை அல்ல. நாம் ஏற்றிருக்கும் திருமறைத் தொகுப்பில் இந்தியா பெயர் குறிப்பிடப்படும் இடங்கள் இரண்டே (எஸ்தர் 1:1, 8:9). இரண்டிலும் அது பாரசீக மன்னனுக்கு அடங்கிய 127 நாடுகளின் எல்லையைக் குறிக்கவே சொல்லப்படுகிறது. நம் நாடு திருமறைக்குள் நுழைவது ஆளப்படுவோரின் பட்டியல் வழியாகத்தான். ஆதலால் இந்தியத் திருச்சபையினராகிய நாம் இப்பேரரசின் வரலாற்றை அரண்மனையின் வாயிலிருந்தும், வயலின் வரப்பிலிருந்தும் வாசிக்கக் கடமைப்பட்டவர்கள். அவ்வாறு வாசிக்க ஒரு முயற்சியே இக்கட்டுரை.

1. பேரரசை நிறுவிய மன்னர்கள்

பாரசீக மண்ணிலிருந்து எழுந்த பேரரசுகள் பல. பார்த்தியர் ஆட்சி, சாசானியர் ஆட்சி ஆகியவை கிறிஸ்துவுக்குச் சற்று முன்னும் பின்னும் தோன்றியவை. சென்னைப் பரங்கிமலையில் உள்ள கற்சிலுவையில் பொறிக்கப்பட்ட பாலவி எழுத்து, பாரசீகக் கிறிஸ்தவர்களோடு தென்னாடு கொண்டிருந்த பிற்காலத் தொடர்புக்குச் சான்றாகும். பழைய ஏற்பாடு பேசும் பேரரசோ இவற்றிற்கெல்லாம் முற்பட்டது. வரலாற்றாசிரியர் அதனை அக்கேமேனியப் பேரரசு என்பர்.

அதனை நிறுவியவன் கோரேஸ் (கி.மு. 559–530). சிற்றரசனாகத் தொடங்கிய அவன், கி.மு. 550இல் மேதியரின் அரசைக் கைப்பற்றினான்; பின்னர்ச் சின்ன ஆசியாவின் லீதிய நாட்டை வென்றான்; கி.மு. 539இல் பாபிலோனுக்குள் நுழைந்தான். அவனுடைய மகன் கம்பைசிஸ் (கி.மு. 530–522) கி.மு. 525இல் எகிப்தை வென்று பேரரசோடு சேர்த்தான். கம்பைசிஸ் இறந்தபின் ஏற்பட்ட பெருங்குழப்பத்தில் ஆட்சியைக் கைப்பற்றியவன் முதலாம் தரியு (கி.மு. 522–486). தான் ஓராண்டிற்குள் 19 போர்கள் புரிந்து 9 அரசர்களைச் சிறைபிடித்ததாக அவனே பெகிஸ்தூன் மலைப்பாறையில் மூன்று மொழிகளில் பொறித்து வைத்துள்ளான். 19ஆம் நூற்றாண்டில் ஹென்றி ராலின்சன் இக்கல்வெட்டைப் படியெடுத்து ஆராய்ந்ததே ஆப்பெழுத்துக்களைப் படிக்கும் கலைக்குப் பெருந்துணையாயிற்று.

தரியுவின் மகன் செர்க்சஸ் (கி.மு. 486–465) எஸ்தர் நூலின் அகாஸ்வேரு எனக் கொள்ளப்படுகிறான். கிரேக்கரை வெல்லப் படையெடுத்துக் கி.மு. 480இல் சாலமிஸ் கடற்போரில் தோற்றவன் இவனே. அவனுக்குப்பின் வந்த முதலாம் அர்தசஷ்டாவின் (கி.மு. 465–424) காலத்தில் நெகேமியா எருசலேமுக்கு வந்தார். அடுத்து வந்த மன்னர்கள் உட்பகையாலும் எகிப்தின் கிளர்ச்சிகளாலும் அலைக்கழிக்கப்பட்டனர். இறுதியில் மூன்றாம் தரியுவை மாசிடோனியனாகிய அலெக்சாந்தர் முறியடித்தான்; கி.மு. 330இல் பெர்செபொலிஸ் அரண்மனை தீக்கிரையாயிற்று.

2. ஆட்சியின் சாதனைகள்

இப்பேரரசின் சாதனைகளைக் குறைத்து மதிப்பிடுதல் நேர்மையாகாது. அதற்குமுன் ஆண்ட அசீரியரும் பாபிலோனியரும் வென்ற மக்களை நாடு கடத்தி அச்சத்தால் ஆண்டனர். பாரசீகரோ பெரும்பாலும் அந்தந்த நாட்டு மக்களை அவரவர் மண்ணிலேயே இருக்கவிட்டு, அவரவர் சட்டத்தையும் மொழியையும் வழிபாட்டையும் பேணவிட்டு ஆண்டனர். பேரரசு பல மாநிலங்களாகப் பிரிக்கப்பட்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு மாநில ஆளுநர் அமர்த்தப்பட்டார். அவரைக் குறித்த பாரசீகச் சொல்லே பிற்காலத்தில் மேற்கிந்தியாவில் ஆண்ட சத்ரபர் என்னும் அரச மரபினரின் பெயராக நம் நாட்டிலும் வழங்கியது.

சர்தையிலிருந்து சூசான் வரை சென்ற அரச பெருவழியில் 111 தங்குமிடங்கள் இருந்தன என்றும், நடந்து செல்வோர்க்கு அது 90 நாள் வழி என்றும் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதுகிறார். அரச அஞ்சற்காரர் விரைவான குதிரைகளில் ஏறிச் சென்ற காட்சியை எஸ்தர் 8:10இல் காண்கிறோம். தரியு நைல் ஆற்றையும் செங்கடலையும் இணைக்கும் கால்வாயை வெட்டுவித்து, அதன் கரையில் கல்வெட்டுக்களை நாட்டினான். மலையடிவாரத்து நீரை நிலத்தடிக் கால்வாய் வழியே வறண்ட சமவெளிக்குக் கொண்டுவரும் முறையையும் பாரசீகர் பேணி வளர்த்தனர். இவ்வாறு புதிய இடத்திற்கு நீர் கொணர்ந்தோர் அந்நிலத்தை ஐந்து தலைமுறைக்கு அனுபவிக்கலாம் என்று மன்னர்கள் உரிமை அளித்தனர் என்கிறார் பொலிபியஸ். கண்மாய் நீரை நம்பி வாழ்ந்த மதுரைச் சமவெளி மக்களுக்கு இச்சலுகையின் அருமையை விளக்கத் தேவையில்லை.

மொழித்துறையிலும் இவ்வாட்சியின் தடம் ஆழமானது. அரமேயம் பேரரசின் அலுவல் மொழியாயிற்று. எஸ்றா நூலின் அரசாங்கக் கடிதங்கள் அம்மொழியிலேயே நம் கைக்கு வந்துள்ளன (4:8–6:18, 7:12–26). இன்று எபிரேயத் திருமறை அச்சிடப்படும் சதுர எழுத்தும் அரமேய எழுத்தின் வழிவந்ததே. வடமேற்கு இந்தியாவில் வழங்கிய கரோஷ்டி எழுத்தும் அரமேயத்திலிருந்து தோன்றியது என்பது பெரும்பாலான அறிஞரின் கருத்து. நாம் வழங்கும் லிபி என்னும் சொல்லும், சிலுவையில் தொங்கிய கள்வனுக்கு ஆண்டவர் வாக்களித்த பரதீசு என்னும் சொல்லும் பழம்பாரசீக வேர்களுக்குக் கடன்பட்டவை. மதில் சூழ்ந்த தோட்டம் என்பது பின்னதன் முதற்பொருள்.

பெர்செபொலிஸில் 1933–34இல் சிக்காகோ பல்கலைக்கழகத்தின் அகழ்வாய்வில் கிடைத்த ஆயிரக்கணக்கான களிமண் ஏடுகள் அரண்மனையின் அன்றாடக் கணக்குகளாகும். யாருக்கு எவ்வளவு தானியம், எவ்வளவு திராட்சரசம் என்று அவை ஒவ்வொன்றாகக் குறித்துள்ளன. பிள்ளை பெற்ற பெண் தொழிலாளருக்குச் சிறப்புப்படி வழங்கப்பட்டதை அவற்றில் காண்கிறோம். ஆண் மகவு பெற்றவளுக்குப் பெண் மகவு பெற்றவளைப்போல் இருமடங்கு கிடைத்ததையும் அவற்றிலேயே காண்கிறோம். ஒரு பேரரசின் பரிவும் பாகுபாடும் ஒரே ஏட்டில் பதிவாகியுள்ளன.

3. இந்துதேசம்

தரியுவின் காலத்தில் சிந்து நதிப் பகுதி பேரரசோடு சேர்க்கப்பட்டது. அவனுடைய கல்வெட்டுக்கள் அதனை ஹிந்துஷ் என்றும், அதற்கு வடக்கே உள்ள பகுதியைக் காந்தாரம் என்றும் குறிக்கின்றன. சிந்து என்னும் நம் சொல் பாரசீகர் நாவில் ஹிந்து ஆயிற்று. எபிரேயத்தில் அது ஹோது ஆகி எஸ்தர் நூலில் இடம்பெற்றது. தமிழ்த் திருமறையில் இந்துதேசம் என நிற்கிறது. இவ்வாட்சி தமிழகத்தை எட்டவே இல்லை. எனினும் இன்று நம் நாடு உலகில் வழங்கும் பெயர் பாரசீகரின் நாவில் உருப்பெற்றது என்பது நினைவில் கொள்ளத்தக்கது.

சூசான் அரண்மனையைக் கட்டியபோது எந்தெந்த நாட்டிலிருந்து எப்பொருள் வந்தது என்று தரியு ஒரு கல்வெட்டில் பட்டியலிடுகிறான். காந்தாரத்திலிருந்து மரமும், ஹிந்துஷிலிருந்து யானைத் தந்தமும் வந்தன. ஹெரோடோட்டஸின் கணக்குப்படி இந்திய மாநிலம் ஆண்டுதோறும் 360 தாலந்து பொற்றுகள் செலுத்தியது. வேறெந்த மாநிலமும் இவ்வளவு செலுத்தவில்லை. அவர் தரும் எண்களை அப்படியே ஏற்கத் தயங்குவோர் உண்டு. ஆயினும் பேரரசின் வருவாயில் இந்தியாவின் பங்கு பெரிதென்று அக்கால மக்கள் கருதினர் என்பதில் ஐயமில்லை. செர்க்சஸ் கிரேக்கரை எதிர்த்துச் சென்ற படையில் பருத்தியாடை உடுத்து மூங்கில் வில் ஏந்திய இந்தியரும் இருந்தனர் என்று அவரே கூறுகிறார். அயல் மன்னனின் போரில் நம் நாட்டு இளைஞர் அணிவகுத்ததற்கு எழுத்தில் கிடைக்கும் மிகப் பழைய சான்றுகளுள் இது ஒன்று.

எஸ்தர் நூலின் முதல் அதிகாரத்தில் 180 நாள் நீடித்த செல்வக் காட்சியையும் அரச விருந்தையும் நாம் வாசிக்கும்போது, அப்பொன்னில் ஒரு பகுதி சிந்துவின் கரையிலிருந்து சென்றது என்பதை மறக்கலாகாது.

4. சமயக் கொள்கை

கோரேஸின் சமயக் கொள்கைக்குத் திருமறைக்குப் புறம்பேயுள்ள தலையாய சான்று கோரேஸ் உருளை எனப்படும் களிமண் ஆவணமாகும். மோசூலைச் சேர்ந்த கிறிஸ்தவரான ஹோர்முஸ்த் ரசாம் 1879இல் பாபிலோனில் இதனைக் கண்டெடுத்தார். இன்று இது இலண்டன் பிரித்தானிய அருங்காட்சியகத்தில் உள்ளது. 2013–14இல் மும்பையிலும் காட்சிக்கு வைக்கப்பட்டது. இதன் படியொன்று 1971இல் ஈரான் அரசால் ஐக்கிய நாடுகள் அவைக்கு அளிக்கப்பட்டது. அது முதல் இதனை உலகின் முதல் மனித உரிமைச் சாசனம் என்று புகழ்வோர் உளர்.

ஆவணத்தை நேரே வாசிப்போர்க்கு வேறொரு காட்சி தோன்றுகிறது. பாபிலோனின் தெய்வமாகிய மர்தூக் நேர்மையான ஓர் அரசனைத் தேடிக் கோரேஸைக் கைப்பிடித்துப் பெயர் சொல்லி அழைத்தார் என்று அது கூறுகிறது. கைவிடப்பட்டுக் கிடந்த கோயில்களுக்கு அவற்றின் தெய்வங்களையும் மக்களையும் திருப்பி அனுப்பியதாகக் கோரேஸ் அறிவிக்கிறான். அத்தெய்வங்கள் தனக்கும் தன் மகனுக்கும் நீண்ட ஆயுளை வேண்டுவார்களாக என்பது அவன் எதிர்பார்ப்பு. எருசலேமைப் பற்றியோ யூதரைப் பற்றியோ அதில் ஒரு சொல்லும் இல்லை. இதனோடு எஸ்றா 6:10ஐ ஒப்பிடுக. எருசலேம் ஆலயத்திற்குத் தரியு பொருள் தந்ததும், அங்கே ராஜாவுக்கும் அவன் குமாரருக்கும் மன்றாட்டு ஏறெடுக்கப்பட வேண்டும் என்பதற்காகவே. எல்லாத் தெய்வங்களின் கோயில்களும் பேரரசனுக்காக வேண்டுவதே அரசின் நோக்கமாயிருந்தது.

எகிப்திலும் இதே முறையைக் காண்கிறோம். உத்ஜஹொர்ரெஸ்நெத் என்னும் எகிப்திய அதிகாரி, தன் வேண்டுகோளுக்கிணங்கிக் கம்பைசிஸ் நெய்த் என்னும் தேவியின் கோயிலைத் தூய்மைப்படுத்தினான் என்றும், தரியு தன்னை எகிப்துக்குத் திருப்பி அனுப்பிக் கோயிற் கல்விக்கூடத்தைச் சீரமைக்கச் செய்தான் என்றும் தன் சிலையில் எழுதி வைத்தான். எஸ்றாவின் பணிக்கும் இதற்கும் உள்ள ஒப்புமை வியக்கத்தக்கது. நைல் ஆற்றின் எலிபன்டைன் தீவில் பாரசீகருக்காகக் காவற்பணி செய்த யூதர்களின் ஆலயம் கி.மு. 410இல் இடிக்கப்பட்டது. கி.மு. 407இல் அவர்கள் யூதாவின் ஆளுநருக்கு மன்றாடி எழுதிய கடிதத்தின் படி நமக்குக் கிடைத்துள்ளது. ஆலயத்தை மீண்டும் கட்டிப் போஜனபலியும் தூபமும் செலுத்தலாம் என விடை வந்தது. சர்வாங்க தகனபலியைப் பற்றி அவ்விடை மௌனம் சாதித்தது. கொடையோடு எல்லையும் வகுக்கப்பட்டது.

பொறுத்துக்கொள்ளும் இக்கொள்கை பேரரசின் நலனுக்கு உட்பட்டதாகவே இருந்தது. பொய்த் தெய்வங்களின் வழிபாட்டிடத்தை அழித்து அங்கே அகுரமஸ்தாவை வழிபட்டதாகச் செர்க்சஸ் ஒரு கல்வெட்டில் பெருமை பேசுகிறான். அது உண்மையாக நடந்த நிகழ்ச்சியா, அரச மரபுக்கேற்ற முழக்கமா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. எவ்வாறாயினும், கிளர்ச்சி செய்வோரின் தெய்வங்களுக்கு அரச தயவு உறுதியன்று என்பது அதில் தெளிவு.

5. யூதா நாடும் வரிச்சுமையும்

யூதா, நதிக்கு அப்புறத்து நாடு எனப்பட்ட மாநிலத்தின் சிறு பகுதி. எஸ்றா 5ஆம் அதிகாரத்தில் வரும் ஆளுநர் தத்னாய், கி.மு. 502ஐச் சேர்ந்த ஒரு பாபிலோனிய ஏட்டிலும் குறிக்கப்படுகிறார். எருசலேமுக்குத் தெற்கேயுள்ள ராமத் ராகேலில் யெகூத் என்று முத்திரையிட்ட சாடிகள் அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன. எண்ணெயும் திராட்சரசமும் வரியாகத் திரட்டப்பட்டதன் அடையாளம் இம்முத்திரைகள் என்று ஆய்வாளர் கருதுகின்றனர்.

தரியு ஒவ்வொரு மாநிலத்திற்கும் நிலையான வரியைப் பெரும்பாலும் வெள்ளியில் விதித்தான். இதனால் கோரேஸைத் தகப்பன் என்றும், தரியுவை வணிகன் என்றும் பாரசீகரே அழைத்தனர் என்று ஹெரோடோட்டஸ் குறிப்பிடுகிறார். தானியம் விளைவிப்பவன் வெள்ளியில் வரி செலுத்த வேண்டுமாயின், அறுவடை நாளில் கிடைத்த விலைக்கு விற்கவேண்டும். விளையாத ஆண்டில் கடன்படவேண்டும். இரயத்துவாரி முறையின் கீழ்ப் பணமாகக் கிஸ்தி கட்டிய நம் முன்னோர் இதனை நன்கறிந்திருந்தனர்.

இப்பின்னணியில் மூன்று திருமறைப் பகுதிகளை அடுத்தடுத்து வைத்து வாசிப்போம்.

முதலாவது, எஸ்றா 6:8. ஆலயப் பணிக்கான செலவை நதிக்கு அப்புறத்தில் வசூலாகும் அரச வரியிலிருந்து கொடுக்குமாறு தரியு ஆணையிடுகிறான். அதாவது, யூதரும் அவர்தம் அயலாரும் செலுத்திய வரியின் ஒரு பகுதியே கொடையாகத் திரும்பி வந்தது.

இரண்டாவது, எஸ்றா 7:24. ஆசாரியர், லேவியர், பாடகர், வாசற்காவலர் முதலான ஆலய ஊழியர்மேல் எவ்வித வரியும் சுமத்தலாகாது என்று அர்தசஷ்டா கட்டளையிடுகிறான். இவன் முதலாம் அர்தசஷ்டாவாயின் அது கி.மு. 458, இரண்டாம் அர்தசஷ்டாவே என்று கொள்வோர் கி.மு. 398 என்பர்.

மூன்றாவது, நெகேமியா 5:1–5. முதலாம் அர்தசஷ்டாவின் 20ஆம் ஆண்டாகிய கி.மு. 445ஐ அடுத்து நிகழ்ந்தது இது. மக்களும் அவர்களுடைய மனைவிகளும் கூக்குரலிடுகின்றனர். சிலருக்கு உண்ணத் தானியம் இல்லை. சிலர் பஞ்சத்தினால் நிலத்தையும் திராட்சத்தோட்டத்தையும் வீட்டையும் அடகு வைத்துவிட்டனர். சிலர் ராஜாவுக்குச் செலுத்தவேண்டிய தீர்வைக்காகவே கடன் வாங்கினர். கடனுக்கு ஈடாகப் பிள்ளைகள் அடிமையாயினர். பெண் மக்களில் சிலர் ஏற்கெனவே கைமாறிப் போயினர்.

ஆலய ஊழியருக்கு வரிவிலக்கு அளித்த அதே பேரரசு, ஆலயத்திற்குத் தசமபாகம் கொணர்ந்த குடியானவனை அடிமைத்தனத்திற்குத் தள்ளியது. எஸ்றா 7ஐ மட்டும் வாசிப்பவர் நன்றியால் நிறைவர். நெகேமியா 5ஐ மட்டும் வாசிப்பவர் சினத்தால் நிறைவர். இரண்டையும் ஒருங்கே வாசிப்பவரே பாரசீக ஆட்சியின் முழு உருவத்தைக் காண்பர். கூக்குரல் நேரடியாக எழுந்தது பாரசீக அதிகாரிகளுக்கு எதிராக அன்று, கடன் கொடுத்த யூத சகோதரருக்கு எதிராகவே என்பதும் கருதத்தக்கது. பேரரசின் சுமை உள்ளூர்ச் செல்வரின் கைவழியாகவே ஏழையின் தோளில் இறங்குகிறது.

அலெக்சாந்தர் பெர்செபொலிஸைக் கைப்பற்றியபோது அங்கே 1,20,000 தாலந்து மதிப்புள்ள செல்வம் குவிந்திருந்தது என்று பண்டைய ஆசிரியர்கள் எழுதினர். நெகேமியா 5இல் அழுத பெண்களின் கண்ணீருக்கும் இக்குவியலுக்கும் தொடர்பில்லை என்று நாம் சொல்ல இயலாது.

6. இறையியல் நோக்கு

ஏசாயா 45:1இல் கோரேஸ் ஆண்டவரால் அபிஷேகம் பெற்றவன் என்று அழைக்கப்படுகிறான். இஸ்ரவேலைச் சேராத ஓர் அரசனுக்கு இப்பட்டம் வேறெங்கும் தரப்படவில்லை. சிறையிருப்பின் இறுதியில் இவ்வாறு முழங்கிய இறைவாக்கினர், அதே பகுதியில் கோரேஸ் ஆண்டவரை அறியாதவன் என்பதையும் இருமுறை வற்புறுத்துகிறார் (45:4, 5). பாபிலோனியப் பூசாரிகள் மர்தூக் கோரேஸின் கைப்பிடித்ததாகப் பாடினர். இறைவாக்கினரோ, அக்கையைப் பிடித்தவர் யாக்கோபின் தேவனே என்றார். அவர் கோரேஸின் குணத்திற்கு நற்சான்று வழங்கவில்லை. வரலாற்றின் ஆண்டவர் யார் என்பதை அறிக்கையிட்டார். கருவியாக எடுக்கப்பட்டதால் ஒரு பேரரசு தீர்ப்புக்குத் தப்புவதில்லை. அசீரியா கோலாகப் பயன்பட்டது. அக்கோலே பின்னர் நியாயந்தீர்க்கப்பட்டது (ஏசாயா 10:5–15).

எஸ்றாவின் ஜெபத்தில் இருகுரல்களும் இணைந்து ஒலிக்கின்றன. பாரசீக மன்னர் முன்னிலையில் தயவு கிடைத்ததற்கு அவர் நன்றி கூறுகிறார். அதே மூச்சில் தாங்கள் அடிமைகளாகவே இருப்பதையும் ஒப்புக்கொள்கிறார் (9:8, 9). நெகேமியா 9:36, 37இன் அறிக்கை இன்னும் கூர்மையானது. முன்னோருக்கு அளிக்கப்பட்ட நாட்டிலேயே தாங்கள் அடிமைகள் என்றும், நிலத்தின் விளைவு அயல் மன்னருக்குப் போகிறது என்றும், தங்கள் உடல்மேலும் கால்நடைமேலும் அவர்கள் விருப்பப்படி ஆளுகிறார்கள் என்றும் மக்கள் ஆண்டவர் முன் அறிக்கையிடுகின்றனர். இதனை அவர்கள் சொல்வது ஆலயம் கட்டி முடிந்தபின், மதிலும் எழுந்தபின், நியாயப்பிரமாணமும் வாசிக்கப்பட்டபின். சமய வாழ்வு நிலைநாட்டப்பட்டதை அவர்கள் விடுதலையின் நிறைவாகக் கொள்ளவில்லை.

நெகேமியாவின் செயலும் ஆழ்ந்து நோக்கத்தக்கது. ராஜாவின் தீர்வையை நீக்க அவரால் இயலவில்லை. அவர் அம்மன்னனின் அலுவலரே. ஆயின் தம் கைக்கு எட்டியதை அவர் செய்தார். தாமும் தம் சகோதரரும் கடன் கொடுத்திருந்ததை மறைக்காமல் சபைமுன் கூறி, வட்டியை விட்டுவிடவும் நிலங்களைத் திருப்பிக் கொடுக்கவும் செல்வரை ஆணையிடச் செய்தார் (5:10–12). முந்திய ஆளுநர்கள் குடிகளிடம் பெற்ற அப்பமும் திராட்சரசமும் 40 சேக்கல் வெள்ளியும் தமக்கு வேண்டாமென 12 ஆண்டுகள் விலக்கினார் (5:14, 15). தமக்கு உரிமையான படியை விட்டுக்கொடுத்ததே அவருடைய சீர்திருத்தத்திற்கு வலிமை தந்தது.

7. நம் திருச்சபைக்கு

அரசர் சமய நிறுவனங்களுக்கு வரிவிலக்கு அளிப்பது தமிழ் மண்ணுக்குப் பழகிய செய்தி. கோயிலுக்குத் தேவதானம், அந்தணருக்குப் பிரமதேயம், சமணருக்குப் பள்ளிச்சந்தம் என இறையிலி நிலங்கள் வழங்கப்பட்டன. மதுரையைச் சுற்றியுள்ள சமணக் குன்றுகள் பல சமயங்களைப் புரந்த மன்னர்களின் நினைவை இன்றும் தாங்கி நிற்கின்றன. ஐரோப்பியர் ஆட்சி வந்தபோதும் இம்மரபு வேறு வடிவில் தொடர்ந்தது. 1858 நவம்பர் 1ஆம் நாள் வெளியான விக்டோரியா அரசியின் பேரறிக்கை, குடிகளின் சமயத்தில் அரசு தலையிடாது என உறுதியளித்தது. அதே ஆட்சியில் 1876–78 பெரும்பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் இலட்சக்கணக்கானோர் மாண்டனர். 1834 முதல் மதுரை நாட்டில் பணிபுரிந்த அமெரிக்க மிஷனும், பிற மிஷன்களும் அவ்வாட்சியின் பாதுகாப்பில் பள்ளிகளும் மருத்துவமனைகளும் நிறுவின. அப்பாதுகாப்புக்கு நன்றி கூறிய நாவுகள், பஞ்சத்தின் காரணங்களை ஆராய எத்துணை துணிந்தன என்பது நம் சபை வரலாற்று மாணவர் ஆராயவேண்டிய வினா.

இன்று நாம் குடியரசில் வாழ்கிறோம். அரசியலமைப்பின் 30ஆம் பிரிவு சிறுபான்மையினரின் கல்வி நிறுவனங்களுக்கு உரிமை வழங்குகிறது. அரசு உதவி பெறும் நம் பள்ளிகள் பல. இவ்வுரிமைகளைக் காப்பது முறையே. ஆனால் ஒரு ஆட்சியை எடைபோடும்போது, நம் நிறுவனங்களுக்கு அது என்ன செய்தது என்பதை மட்டும் அளவுகோலாகக் கொள்வோமாயின், எஸ்றா 7ஐ வாசித்து நெகேமியா 5ஐக் கிழித்தெறிந்தவர்களாவோம்.

மதுரை நகருக்குத் தெற்கே உள்ள அவனியாபுரத்தை எடுத்துக்கொள்வோம். தைத்திங்கள் முதல் நாள் நிகழும் ஏறுதழுவலால் நாடறிந்த ஊர் அது. காளையைக் குடும்பத்தில் ஒருவனாக வளர்க்கும் மக்களுக்கு, அயலார் தங்கள் கால்நடைமேல் ஆளுகிறார்கள் என்று நெகேமியா 9இல் வரும் புலம்பலின் கனம் எளிதில் விளங்கும். அவ்வூரிலும் சுற்றியுள்ள சமவெளிக் கிராமங்களிலும் இன்று நிலவரி பெருஞ்சுமையன்று, கடனே சுமை. நெகேமியா 5:11 நூற்றுக்கு ஒன்று என்று கூறும் வட்டியை மாதவட்டி என்றே பலரும் பொருள் கொள்வர். நம் ஊர்வழக்கில் அது ஒரு ரூபாய் வட்டி. அதற்கே நெகேமியா சபையைக் கூட்டினார். கந்துவட்டியைத் தடுக்கத் தமிழக அரசு 2003இல் சட்டம் இயற்றியபின்னும், அதனினும் பன்மடங்கு வட்டியில் சிக்கியோர் நம் ஆலய இருக்கைகளிலேயே அமர்ந்திருக்கின்றனர். வட்டிக்குக் கொடுப்போரும் சில வேளைகளில் அதே இருக்கைகளில் அமர்ந்திருக்கின்றனர். சபைக் கணக்கிலிருந்தே கடன் கொடுக்கும் வழக்கமுள்ள இடங்களில், வட்டி வீதத்தை ஆயரும் சபைக் குழுவினரும் நெகேமியா 5இன் ஒளியில் ஆராய்தல் நலம்.

ஆகவே ஆயர்கள் எஸ்றா நூலில் தொடர் அருளுரை ஆற்றும்போது, நெகேமியா 5ஆம் அதிகாரத்தையும் அதனோடு இணைத்துக்கொள்வார்களாக. வேதபாட வகுப்பில் 127 நாடுகளின் எண்ணைச் சொல்லிக்கொடுக்கும்போது, அவற்றுள் நம் நாடும் ஒன்று என்பதையும், அது பொன் செலுத்திய நாடு என்பதையும் சொல்லிக்கொடுப்பார்களாக.

முடிவுரை

பாரசீகப் பேரரசு தன் காலத்தில் தோன்றிய ஆட்சிகளுள் பரிவு மிக்கது எனலாம். அதன் சாலைகளும் சட்டங்களும் கணக்கேடுகளும் வியப்புக்குரியன. அதன் தயவால் எருசலேம் மீண்டும் எழுந்தது. அதற்காக இறைமக்கள் ஆண்டவரைத் துதித்தனர்; துதித்த அதே வாயினால் தங்கள் அடிமைத்தனத்தையும் ஆண்டவரிடம் முறையிட்டனர். இவ்விரண்டையும் ஒருசேரச் செய்யும் துணிவு திருச்சபைக்கு வேண்டும். பேரரசின் தீர்வையை நெகேமியாவால் மாற்ற இயலவில்லை. தம் மேசையின் அப்பத்தையும் தம் கடன்சீட்டின் வட்டியையும் விட்டுவிட அவரால் இயன்றது. நம்மால் இயன்றதும் அங்கிருந்தே தொடங்குகிறது.